காட்டில் கட்டிய உன் வேட்டி

மச்சான்,

உண்ணிச்செடி வாடை கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, சீயக்காயும் போட்டாயிற்று. சோற்றில் கை வைத்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நீ போய் இது முதல் ஆடி. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

ஐயனார் கோயில் காட்டு நடுவே நாம் பொங்கல் வைக்கும் திடலை ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் போதும், உண்ணி நாலு பக்கமும் உள்ளே நுழைந்துவிடும். மழை பெய்து மண் இளகிய மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போவாய். வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும் என்று வேரோடுதான் பிடுங்கவிடுவாய். அதற்கும் முன்னால் உன் பழைய வேட்டியைக் கிழித்து, புதருக்குள் மறைந்து நிற்கும் வெப்பாலை, நாவல் கன்றுகளில் அடையாளத்துக்குக் கட்டுவாய். என் அவசரம் உனக்குத் தெரியும்.

"உன் கையில ஆப்ட்டா ஐயனாரையே பிடுங்கிடுவே. துணி கட்னத தொடாத. இந்தப் பெரிய மரம்லாம் சாஞ்சா நெழலுக்கு இன்னா பண்ணுவே?"

"தார்ப்பாய் கட்டிக்கிறேன், போடா" என்பேன்.

இந்த வருஷம் கோயில் கமிட்டிப் பையன்கள் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார்கள். "ஒரே மூச்சுல மொட்ட அடிச்சுடலாம் பெரியப்பா, எதுக்கு முள்ளுல கைய வுடணும்?" ஓரத்துக் கன்றுகளும் சேர்ந்து போய்விடும் என்று கத்தினேன். நீ சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கோபக்காரன் கத்துகிறான் என்று நகர்ந்துவிடுகிறார்கள். கோபம் அவர்கள்மேல் மட்டுமில்லை, இந்த நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்த உன் மேலும்தான்.

நேற்று நல்ல மழை. தங்கச்சியிடம் போய் உன் வேட்டி ஒன்று கேட்டேன். எதற்கென்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தது. இன்று விடிந்ததும் போய், புதரை விலக்கி விலக்கிக் கண்ணில் பட்ட கன்றுக்கெல்லாம் கட்டினேன். கையெல்லாம் முள். முடிந்த மட்டும் உண்ணியையும் பிடுங்கினேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

தவளக்குப்பத்திலிருந்து வந்த டிரைவர் இறங்கி, ஓரம் முழுக்கத் தொங்கிய துணிகளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டான்.

"இன்னா பெரியவரே, வேண்டுதல் கட்டி வெச்சிகிறீங்க. சாமி சமாச்சாரம். திடல்ல வேணா ஓட்றேன், அந்தப் பக்கம் வண்டிய வுடமாட்டேன்."

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஐயனாரைப் பார்த்தேன். அது உன் வேட்டி என்று நான் வாயே திறக்கவில்லை. நீ நம்பமாட்டாய்.

வேலை முடிந்து கிளம்பும்போது அவன் ஒரு துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உன் வேட்டியில் வெற்றிலைக் கறை படிந்திருந்த கிழிசல் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

ஓரத்து உண்ணி இன்னும் அப்படியே நிற்கிறது. அதைக் கையால்தான் பிடுங்கவேண்டும். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் வேட்டியில் பாதி என்னிடம் மிச்சமிருக்கிறது.