சாமி கொடுத்த வெள்ளைப் பூ

மார்கழி, செவ்வாய்க்கிழமை இரவு

மகள் ரம்யா முதல் சுற்றில் கேட்ட அமெரிக்கக் காலேஜ் அவளுக்கு இடமில்லை என்றுவிட்டது. இரண்டாம் சுற்றிலும் ஒரே ஒரு காலேஜைத்தான் கேட்க வேண்டுமாம். கிடைத்தால் அங்கேதான் சேருவாள் என்று பெற்றவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நிச்சயதார்த்தம் மாதிரி, பேச்சு மாறக் கூடாது. எங்கள் சின்னம்மா வீட்டில் மாறினார்கள், அது வேறு கதை.

அவளுக்குப் பிடித்தது பனி கொட்டும் ஊர்க் காலேஜ். எனக்கு, அதே அமெரிக்காவில் என் தம்பி இருக்கிற ஊர்க் காலேஜ்.

"சாமிகிட்டப் பூக் கேட்டுட்டு வாம்மா. எது வந்தாலும் சரி" என்றாள்.

வெள்ளை வந்தால் அவள் காலேஜ், சிவப்பு வந்தால் தம்பி ஊர் என்று பேசிக்கொண்டோம். கோயிலில் பூசாரி இரண்டு பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்கம்மா!"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் அந்தப் பனியில் தனியாக இருமுகிற மாதிரியே இருந்தது. வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன பூம்மா?"

"செவப்பு, கண்ணு."

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "சாமியும் மாமனும் கூட்டுச் சேந்துட்டாங்களா? சரி, பூவக் குடு, தலையில வெச்சுக்கறேன்."

"பஸ்ஸுல எங்கியோ உழுந்துருச்சு."

"உடும்மா" என்று திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு படுத்துவிட்டாள்.

காலையில் கையெழுத்துக் கேட்பாள். பூ என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. அவளை எழுப்பலாம். இரண்டு முறை அவள் அறை வாசல்படி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.