மாதா படம் நம் வீட்டுக்கும் வந்தது

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. மாதா படம் இந்த ஆண்டும் நம் வீட்டுக்கு வந்தது.
2. ஜெபமாலையை நானே முன்நின்று சொன்னேன்.
3. இந்த வீட்டில் இனி உன் குரல் கேட்காது.

படம் போன பிறகும் கூடத்தில் மல்லிகை மணக்கிறது. அதே பழைய படம்தான்: ஓரம் பழுத்த தாள், நீல முக்காடு, அதன் நுனியை இறுகப் பிடித்திருக்கும் குழந்தை. "பாருங்க, உங்கள மாதிரியே முந்தானைய விடமாட்டேங்குது" என்பாய், எல்லோர் முன்னாலும்.

அக்டோபரில் படம் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டில் தங்குகிறதோ அந்த வீட்டார்தான் ஜெபமாலையை முன்சொல்ல வேண்டும். நம் வீட்டில் அது எப்போதும் நீ. நான் பின்னால் நின்று பதிலை முணுமுணுப்பேன். "மாதாகிட்டயாவது சத்தமா கேளுங்க. ரெண்டாந்தடவ சாம்பார் கேக்கற மாதிரி கேக்காதீங்க."

நீ போன பின் வந்த முதல் அக்டோபர் இது. அடுத்த தெரு ஸ்டெல்லா தயங்கித்தான், கன்னடம் கலந்து கேட்டாள்: "அங்கிள், சும்னே எதுக்குக் கஷ்டம்? இந்தத் தடவ நேரா எங்க வீட்டுக்கே கொண்டுபோயிடவா?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நம் வாசலைத் தாண்டிப் படம் போவதை ஜன்னலில் நின்று பார்க்க வேண்டியிருக்குமே என்று தோன்றியது. "வேண்டாம்மா, இங்கயே வரட்டும்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. ஜெபமாலையின் முதல் மணியிலேயே என் குரல் நடுங்கியது. என் பங்கான பாதி ஜெபத்தைச் சொல்லி நிறுத்தினேன்; மீதியைக் கூடத்தில் இருப்பவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும், 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்று பதில் சொல்லும்போது 'இப்பொழுதும்' என்ற சொல்லை மட்டும் நீ அழுத்துவாய். கேட்டால், "மரண நேரத்த அப்புறம் பாத்துக்கலாம். என்ன மாதிரி நர்ஸுக்கு இப்பத்தான் வேலை" என்பாய்.

அன்று கூடம் மொத்தமும் அந்த இடத்தில் அழுத்தியது. தமிழைவிடக் கன்னடம் சரளமாக வரும் பிள்ளைகள்கூட. உன்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்த ஜெபமல்லவா! என் முதுகு நிமிர்ந்தது. அதன்பின் கடைசி மணிவரை குரல் நடுங்கவில்லை, தெருவுக்கே கேட்டதாம்.

மறுநாள் தசரா விளக்குகளின் கீழ் படத்தை நானே ஸ்டெல்லா வீட்டுக்குச் சுமந்து போனேன். "அங்கிள், உங்க நடைக்கு அம்பாரி யானை தோத்துது போங்க!" என்றாள். நான் வேகத்தைக் கூட்டவில்லை.

உன் ஜெபமாலை என் சட்டைப் பையில் இருக்கிறது. மேலே வரிசையாக எழுதிய மூன்றையும் ஒருமுறை சரிபார்த்தேன். மூன்றாவது தவறு.