மூன்று காலிப் பாய்கள்

அக்கா,

இன்று காலை நம் சிறுவர் கூர்நோக்கு இல்லத்துக்குப் புதுக் கோரைப்பாய்கள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்ததும் அந்தப் பச்சை வாசம் என் அறை வரை வந்துவிட்டது. அதற்குமேல் வேலை ஓடவில்லை.

நீங்கள் நன்னடத்தை அலுவலராகவும் நான் கண்காணிப்பாளராகவும் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் பாய்தான் நமக்கு அளவு. "ஆளுக்கு ஒரு பாய் தம்பி. பாய் தீந்துச்சுன்னா இடமும் தீந்துச்சு," என்பீர்கள். இடமில்லை என்று நாம் எழுதினால், சின்னத் திருட்டில் சிக்கிய பையனை இளைஞர் நீதிக் குழுமம் பெற்றவர் பொறுப்பில் ஜாமீனில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்காகவே பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பெற்றவர்களைத் தேடிப் பிடித்து வருவீர்கள். வெயிலில் கறுத்துத் திரும்பும் உங்களை நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அன்று சித்திரைத் திருவிழா விடுமுறைக்கு முந்தின நாள். செல்போன் திருடியதாகப் பிடிபட்ட ஒருவனின் தாயைத் தேடி சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கிளம்பினீர்கள். "நான் வார வரைக்கும் இடம் இருக்குன்னு எழுதிக் குடுத்துராதீங்க," என்று படியிறங்கும்போதும் சொன்னீர்கள். மதியம் குழுமத்திலிருந்து இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சொறி வந்த மூன்று பையன்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்களுடைய பாய்கள் சுவரோரம் சுருண்டு கிடந்தன. வேலையை முடிக்கும் அவசரத்தில் 'இடம் உள்ளது' என்று எழுதி அனுப்பினேன்.

நீங்கள் வந்து சேர்வதற்குள் அவனை இங்கேயே வைக்க உத்தரவு ஆகிவிட்டது. குழுமம் இனித் திருவிழா முடிந்துதான் கூடும். கொடிக்கால் சேறு காயாத காலோடு அந்தத் தாய் நம் வாசலில் நின்றார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பையன்கள் திரும்பினார்கள். பாய்க்காக நடந்த அடிதடியில் அந்தத் தாயின் பையனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று.

விசாரணையில், அது அக்கா கொடுத்த எண்ணிக்கை என்று சொன்னேன். நீங்கள் மறுத்தீர்கள். கண்காணிப்பாளர் சொல்தான் எடுபட்டது. மெமோவை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அந்த மூணு பேரும் திரும்பி வரவே மாட்டாங்கன்னா நெனச்சீங்க தம்பி?"

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்கள் சாவு வீட்டில்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

இப்போதெல்லாம் வெளியே போயிருக்கும் பையன்களின் பாயையும் விரித்துப் போட்டுத்தான் எண்ணுகிறேன். இன்று மதியமும் குழுமத்திலிருந்து கேட்டார்கள். 'இடமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அதே பேனாவால், உங்கள் மெமோவுக்குக் காரணமான எண்ணிக்கை என்னுடையது என்று மேலிடத்துக்கு ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் பேனாவை மூடி வைத்தேன்.