புண்ணு பாக்குற சோலி

அன்பு மகள் துர்காவுக்கு, பண்ணைக்காட்டுல இருந்து அப்பன் நல்லுசாமி சொல்லச் சொல்ல எழுதுறது. கை நம்ம நர்ஸ் முருகேஸ்வரியோடது, வாய் என்னோடது. போன்ல உன் குரலைக் கேட்டா இது பேச வரல தாயி. அதான் காகிதம்.

மேமலையில குறிஞ்சி பூத்து, ஐப்பசிக் கடைசியில புயல் நம்ம பலாவைச் சாய்ச்சிச்சே, அந்த வருஷந்தான் உங்கம்மா குப்பம்மாள் போனா. வெள்ளனே, பனி விலகுறதுக்குள்ள ஓடைக்குப் போயித் துணி அலசிட்டு வந்துருவா. தண்ணி செவந்தது ஓடைக்கு மட்டுந்தான் தெரியும். அதே நோவுல பின்னாடியே உன் சித்தி செல்லாயியும் போனா.

போன தையில இங்க பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாங்க. மைக்குல கர்ப்பப்பை வாய் சோதனைன்னு சொன்னாங்க. புள்ளத்தாச்சிக ரெண்டு பேரு வந்து நின்னாங்க, வேற ஒருத்தியும் எட்டிப் பாக்கல. கர்ப்பம்னு காதுல விழுந்தா தாலியறுத்தவ எப்படிப் போவா? பக்கத்து வீட்டு வீரம்மாள் அத்தை முருகேஸ்வரியவே மறிச்சு, எம் புருசன் போயி இருவது வருஷமாச்சு, இப்ப நான் யாரு பேரைச் சொல்லன்னு கேட்டுருக்கா. கர்ப்பத்தைப் பாக்கல அத்தே, கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்கான்னு பாக்குறோம், விட்டா அதுதான் புத்துநோயாகும்னு இந்தப் புள்ள வெவரம் சொல்லிருக்கு.

"அப்ப இது புண்ணு பாக்குற சோலிதானடி. அப்படிச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

காப்பிக் களத்துக்கும் ஜீப் நிக்கிற எடத்துக்கும் அவளே போயிச் சொன்னா. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் பத்தல. தாலியில்லாதவங்க முன்னால ஏறினாங்க, மத்தவங்க அவங்க மடியில. பனிக்குள்ள ஜீப் மறைஞ்ச பெறகும் சிரிப்பு மட்டும் கேட்டுக்கிட்டே போச்சு. வீரம்மாளுக்குத் தொடக்கத்துலயே ஒரு புண்ணு தெரிஞ்சு, வைத்தியம் பண்ணி ஆத்திட்டாங்க. இப்ப மிளகு பறிக்கிறா.

உனக்கு மாசத்துக்கு நடுவுலயும் ரத்தம் படுதுன்னு வீரம்மாள் அத்தைகிட்டச் சொன்னியாமே. புருசன் இல்லாதவ அந்தச் சோதனைக்குப் போயி நின்னா பனியன் கம்பெனியில என்ன பேசுவாங்கன்னும் கேட்டியாம். புண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போ தாயி. திருப்பூர்லயும் பெரியாஸ்பத்திரியில பாக்குறாங்களாம்.

விடியக்காலம் கண்ணசந்தா உங்கம்மா பனிக்குள்ள நிக்கிறா, குறிஞ்சி நெறத்துல சேலை. பக்கத்துல செல்லாயி, முன்னமே போயிச் சேந்த உங்கண்ணன் வேலுமணி. பேரு சொல்லிக் கூப்பிடுறேன், ஒருத்தரும் திரும்பல. உன் பேரு நாக்கு நுனிக்கு வருது. அங்க கூப்பிடாம முழிச்சுக்கிறேன்.

வெரசா போயிக் காட்டு. பழனியாண்டவன் உன் கூட வருவான். நம்ம வீட்டுல கூப்பிட்டா ஏன்னு கேக்க இருக்கிறது ஒருத்திதான், துர்கா.