சைட் என்றொரு பழைய வினைச்சொல்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பாடத்தில் 'சைட்' (chide) என்று ஒரு பழைய ஆங்கில வினைச்சொல். திட்டுதல், கண்டித்தல் என்று பொருள். வாசித்ததுமே கடைசி பெஞ்சு சுபாஷ், "சைட் அடிக்கிறதா டீச்சர்?" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் குற்றம்.

பிரின்சிபால் நாராயணசாமி வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா, கிளாஸா இது, சந்தையா? பேரு செந்தமிழ்ச்செல்வி, நடத்துறது இங்கிலீஷு, ரெண்டும் உருப்படல."

பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால்! சொல்லுக்குப் பொருள் நான் விளக்கவே வேண்டியதில்லை. அவரே செய்து காட்டிவிட்டார்.

ஜூலை 8

கோபம் அடங்கவில்லை. அகராதியைப் புரட்டினேன். ஆயிரம் வருடப் பழைய சொல். ஆங்கிலத்தின் சொந்தபந்த மொழிகள் எதிலும் இதற்கு உறவு இல்லையாம். எங்கிருந்து வந்தது? தெரியாது என்று முடித்துவிட்டார்கள். ஆனால் முதலில் அதற்குப் பொருள் திட்டுவது இல்லை — சச்சரவு, வாய்ச்சண்டை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் அல்லவா? பிறகுதான் மேலே இருப்பவர் பேச, கீழே இருப்பவர் கேட்க என்று ஆகியிருக்கிறது. இன்னொருத்தர் வாயை யார் அடைத்தது?

என் வீட்டுக்காரர் தீனதயாளனிடம் சொன்னேன். "இதெல்லாம் உங்க பிரின்சிபாலுக்குத் தெரியவா போவுது? வுடு."

ஜூலை 11

விடவில்லை.

கணக்கு டீச்சர் இலக்கியாவுக்கு ஆறு மாதம். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்பில் உட்காரக் கூடாது. இன்று முடியாமல் ஒரு பெஞ்சு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். பிரின்சிபால் அவளை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, "குந்தணும்னா வூட்லயே குந்திக்கினு இரு" என்று கத்தினார். அழுதுவிட்டாள். பக்கத்து வகுப்பிலிருந்து நான் எப்படி வெளியே வந்தேன்?

"மாசமா இருக்கிற பொண்ண இப்படிப் பேசாதீங்க சார். தப்புன்னா ரூமுக்குக் கூப்ட்டுச் சொல்லுங்க. நாங்க இன்னா மாடா?"

"கேக்கறதுக்கு நீ யாரு?"

"என்னையும்தான் பேசினீங்க. அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவர் விறுவிறுவென்று தன் ரூமுக்குப் போய்விட்டார்.

ஜூலை 12

வேலை போய்விடும்.

ஜூலை 14

போகவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இலக்கியாகூட! "எனக்காகப் பேசச் சொன்னேனாக்கா? பிரசவ லீவு தர மாட்டேன்னுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அட கடவுளே. இதுக்கா தொண்டை கிழியக் கத்தினேன்? அவள் பயம் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 23

எல்லா வகுப்பிலும் டீச்சருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யார் சொன்னது, எதற்கு — ஒரு வார்த்தை கிடையாது. இலக்கியா உட்கார்ந்து கணக்கு நடத்துகிறாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். உட்காரு என்று கைகாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். "கதவச் சாத்திட்டு வாங்க டீச்சர்."

தேர்வுத் தாள் இன்னும் திருத்தவில்லை என்று பிடித்துக்கொண்டார். நல்ல திட்டு. சுதந்திர தின நாடகத்தையும் என் தலையில் கட்டியது யார் என்று கேட்டேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, மேசையைத் தட்டினார். நானும் தட்டிவிட்டேன் போல — அகராதியில் கண்ட அந்தப் பழைய 'சைட்', இரண்டு பேர் சண்டை. தாள் விஷயம் என் தப்புதான், அதையும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை குடுக்கறேன் சார்."

"வியாழக்கிழமை குடுங்க."

வெளியே வந்தேன். வராண்டாவில் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நடந்தது ஒன்றும் அவர்களுக்குக் கேட்டிருக்கவில்லை; ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.