என் மகளின் கல்ச்சர் தட்டு

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வீரபாண்டி ரோடு முழுக்கச் சேறு. சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்கள். கண்ணை மூடினால் எது மழை, எது மெஷின், தெரியவில்லை.

வாங்க வேண்டியவை: ஃபிளாஸ்க், ஜெபாவுக்கு இரண்டு நைட்டி, கொசுவத்தி.

குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் முன்னாலேயே வந்துவிட்டாள். பனியன் கம்பெனியில் ஜெபா ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் ‘ஜெபா குழந்தை’.

அந்தப் பெட்டிக்குப் பெயர் இன்குபேட்டர். அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்தில், என் லேபில் பாக்டீரியா வளர்க்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். அதைத் தினமும் நினைத்தபோது திறக்கிறேன். இதற்குள் கை விட நர்ஸிடம் அனுமதி கேட்கிறேன்.

வீட்டுக்கார அம்மா வாசலில் நிறுத்தி, “ஏனுங்க தம்பி, பாப்பாவ ஊட்டுக்கு எப்பங்க கூட்டிட்டு வருவீங்க?” சீக்கிரம் என்றேன்.

நவ. 4, செவ்வாய்

மழை விட்டது. வானம் வெளுத்த துணி மாதிரி.

குழந்தை அசைவு குறைவு. கொடுத்த பால் வயிற்றில் அப்படியே. நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. நர்ஸ் பூங்கொடி, “பாப்பா கொஞ்சம் டல்லா இருக்குதுங்க சார். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிட்டாங்க.” ஊசி குத்தியபோது அவள் அழுதது பூனைக்குட்டி சத்தம். அதுவும் பாதியில் நின்றது.

ரத்தம் சேர்த்த பாட்டில் லேபுக்கு வந்தது. கிருமி வளர்ந்தால் காட்டிக் கொடுக்கும் மெஷினில் நானே வைத்தேன்.

மதியம் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. தேன் நிறத் தண்ணீர், முழங்கால் ஆழம், வெதுவெதுப்பு. அதில் நடக்கிறேன். தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னக் குச்சிகள், தையல் தளத்தில் விழுந்து கிடக்கும் நூல் துண்டுகள் மாதிரி. நல்லது கெட்டது என்று எதன் மேலும் எழுதியிருக்கவில்லை. பயமாகவே இல்லை. விழித்த பிறகுதான் பயம்.

நவ. 5, புதன்

பாட்டிலில் வளர்ச்சி. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்புக் குச்சிகள். எத்தனையோ பேர் ரத்தத்தில் பார்த்தவை. அழகான நிறம் என்றுகூட நினைத்ததுண்டு.

மேலே டாக்டருக்கு போன். குரல் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். பாட்டிலில் இருந்ததைக் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகள் வைத்தாயிற்று. எந்த மருந்து கேட்கும் என்று நாளை தெரியும்.

குழந்தைக்குப் பால் நிறுத்தம்.

ஜெபா வார்டுக் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தபடி:

“என்னங்க, லேப்ல நல்ல பூச்சி வளக்கீங்கல்லா. தாய்ப்பால்ல இருந்து எடுத்தது, கெட்ட பூச்சிய வளர விடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. அத பிள்ளைக்குக் குடுத்தா என்ன?”

“அது தட்டுலதான் ஜெயிச்சிருக்கு ஜெபா. இன்னும் எந்தப் பிள்ளைக்கும் குடுத்துப் பாக்கல.”

“நம்ம பிள்ளைக்கு இல்லாம வேற யாருக்கு?”

“அவ குடல் இன்னும் முழுசா வளரல. அதத் தாண்டி ரத்தத்துக்குள்ள போயிட்டா, நல்ல பூச்சியும் நோய்தான்.”

சுவர்ப் பக்கமாகவே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளிடம் சொல்லாதது: சாயங்காலம் லேப் ஃபிரிட்ஜிலிருந்து அந்த நல்ல பாக்டீரியா இருந்த ஒரு குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். நெஞ்சில் சில்லென்று இருந்தது. கதவைத் திறந்த பூங்கொடி வழக்கம்போல, “கை கழுவிட்டு வாங்க சார்.” முழங்கை வரை சோப்பு. கழுவிக்கொண்டே இருந்தேன். உள்ளே போகவில்லை. இறங்கி வந்து, கழிவு வாளியில் குப்பியைப் போட்டேன்.

நவ. 6, வியாழன்

தட்டு முழுக்க வழவழவென்று வளர்ந்திருக்கிறது. கம்பியால் தொட்டால் நூலாக இழுக்கிறது. கிளெப்சியெல்லா, பச்சைக் குழந்தைகளைப் பிடிக்கும் கிருமி. என் நல்ல பாக்டீரியாவை இத்தனை வருஷம் மோதவிட்டுப் பார்த்தது இவனோடுதான்.

இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்தின் வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கிறான். பயனே இல்லை. இரண்டாவது மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம். ஸ்கேல் வைத்தேன். தேவையான அளவு இருந்தது. மறுபடி வைத்தேன். இருந்தது. ‘கேட்கும்’ என்று எழுத வேண்டியதுதான். கை எழுதவில்லை.

லேப் தலைவி மேடத்தைக் கூப்பிட்டேன். யாருடைய தட்டு என்று அவருக்குத் தெரியும். கறுப்புத் துணி மேல் வைத்து, சாய்த்து, அளந்தார்.

“ஒரு மில்லிமீட்டர் குறையுதுங்களே தம்பி.”

“நான் ரெண்டு தடவ அளந்தேன் மேடம்.”

“நீங்க அளக்கலைங்க. வேண்டிக்கிட்டீங்க.”

திட்டவில்லை. தோளில் கை வைத்துச் சொன்னார். நானும் குனிந்து பார்த்தேன். குறைவுதான். ஓரத்தில் இருந்த மூன்றாவது மருந்துக்குப் பெரிய வளையம். அதை மேடமே அளந்தார். அது கேட்கும். உடனே போன். மதியத்திலிருந்து அந்த மருந்துதான் ஏறுகிறது.

சாப்பிட்டேனா? நினைவில்லை.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. குழந்தை அப்படியே. மோசமில்லை என்கிறார்கள். ஜெபா என்னோடு பேசவில்லை. உதடு மட்டும் அசைகிறது, ஜெபம். கண்ணாடியில் மானிட்டரின் பச்சை விளக்கு விழுந்து, குழந்தை ஏதோ குளத்தின் அடியில் தூங்குவது போல.

நவ. 9, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. மூச்சு நேற்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை! பெட்டியின் துவாரம் வழியாகச் சுண்டுவிரலை நீட்டினேன். பிடித்தாள். விட மாட்டேன் என்கிறாள்.

ஜெபா தானாகவே, “நான் கேட்டத அன்னைக்குக் குடுத்திருந்தா என்னாயிருக்கும்?”

“தெரியல.”

“உங்களுக்குமா தெரியல?”

“எனக்கும்தான்.”

பிறகு ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினாள்.

நவ. 11, செவ்வாய்

பால் மறுபடி ஆரம்பம். ஜெபாவின் பால்தான், ஒரு மில்லி, குழாய் வழியாக. பூங்கொடி சிரிஞ்சை உயர்த்திப் பிடிக்க, மெல்ல இறங்கியது. அதற்குள்ளும் எத்தனையோ உயிர்கள், எந்த லேபும் எண் போடாதவை. என்னிடம் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. பால் குழாயில் போகிறது, அவள் வாய் சப்புக்கொட்டுகிறது.

நவ. 12, புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ஜெபாவின் நெஞ்சில் முதல் தடவையாகக் குழந்தை, தோலோடு தோல். இருவரும் அப்படியே தூங்கிவிட்டார்கள். நானும் பாதித் தூக்கத்தில். பூங்கொடியின் சத்தம்தான் எழுப்பியது.

“சார்! பாப்பா கக்கா போயிருச்சுங்க!”

மஞ்சள். நல்ல மஞ்சள். குடல் வேலை செய்கிறது. ஆரோக்கியமான குழந்தைகளின் டயப்பரை என் ஆராய்ச்சிக்காக எடுத்து வைத்துத் தருவது பூங்கொடிதான். பழக்க தோஷம், சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே, “சாம்பிள் எடுத்து வெக்கட்டுங்களா சார்?”

ஜெபா கண்ணைத் திறக்காமலே, “குடுங்க சிஸ்டர். அப்பாவுக்கு மக குடுக்குற மொத பரிசு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நெஞ்சு குலுங்கியதில் குழந்தை சிணுங்கியது.

நோய் வந்த குழந்தையுடையது ஆராய்ச்சியில் சேராது. பூங்கொடிக்கும் தெரியும். இருந்தாலும், சாம்பிள் டப்பா எடுத்து வரக் கீழே ஓடினேன்.