டிவிக்கு விரல் கிடையாது

முட்டம்
19 நவம்பர் 2012

மரியே வாழ்க.

அன்பு மகன் பிரபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் ஷீஜாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், தோஹாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொன்னால் நெட் சரியில்லை அம்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. டெல்சி சித்தி மகன் டிஜோதான் டிவியோடு பொருத்தினான். முன்பு ஒரு பட்டனை அழுத்தினால் படம் வரும். இப்போது மூன்று ரிமோட். டிவியை எழுப்ப வேண்டும், பெட்டியை எழுப்ப வேண்டும், அதற்குள்ளிருக்கும் மீடியா சென்டர் சோம்பல் முறித்து எழும்வரை காத்திருக்க வேண்டும். செய்தி கேட்க உட்காரும் அப்பா நீலத் திரையைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறார். இதற்குப் பெயர் வசதி. நம் வீட்டு வீடியோக்களையும் டிஜோ அதில் ஏற்றினான், பெயரைப் பார்த்து அதுவே தேடி அட்டைப்படம் ஒட்டிக்கொள்ளுமாம். ஷீஜாவின் முதல் நற்கருணைக்கு ஒரு துப்பாக்கிக்காரனை ஒட்டியது. சாமியார் வந்து ஜெபித்த அப்பாவின் புதுப் படகு மந்திரிப்புக்கு, உடுதுணி போதாத ஒரு வெள்ளைக்காரியை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இவ ஆருடே, நம்ம படகுல?" என்று கேட்டார். டிஜோ சிரித்துச் சிரித்து ரிமோட்டைக் கீழே போட்டான். அத்தனை அறிவுள்ள மிஷின்.

சிரிப்பு அதோடு முடிந்தது. சென்ற ஞாயிறு ஷீஜாவுக்குப் பேசிய குளச்சல் வீட்டார் கல்யாணக் காரியம் பேச வந்தார்கள். லீவு இல்லை, டிவி வழியாகப் பந்தலில் இருப்பேன் என்று நீ சொன்னதை எப்படிச் சொல்வது என்று நான் விழுங்கிக்கொண்டிருக்க, டிஜோ கேமராவை மாட்டி உன்னை வரவழைத்தான். சுவர் நிறைய உன் முகம். வணக்கம் என்றாய், வாய் திறந்தபடி நின்றாய், அணைந்தாய். பெட்டி சூடாகிவிட்டதாம். உப்புக்காற்றுக்குப் பயந்து மிக்சி முதல் டிவி வரை பிளாஸ்டிக்கில் கட்டிவைக்கிற ஊர் இது, அதையும் இறுகக் கட்டியிருந்தேன். அதற்கு மூச்சுவிட ஓட்டை வேண்டுமாம். கடற்கரைக்கு அனுப்பும் சாமானுக்குக் கடற்காற்று ஆகாதென்றால் அதை எதற்கு அனுப்ப வேண்டும்?

மாப்பிள்ளையின் அத்தை இசபெல் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏட்டி கிளாரா, பந்தல் வாசல்ல மாப்பிள்ளைக்க கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவது ஆரு, இந்தப் பெட்டியா? மச்சினன் மோதிரத்த நாங்க டிவிக்கா போடணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பின்வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார், பிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

லீவு இல்லை என்கிறாய். பெட்டி வாங்கக் கடைகடையாக ஏறி இறங்க நேரம் இருந்தது. நாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத படங்களை அதில் நிரப்ப நேரம் இருந்தது. தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க நான்கு நாள் இல்லை. வெள்ளைக்காரத் துரை கூடச் சாவு வீட்டுக்குத்தான் ஆள் வைத்து மலர்வளையம் அனுப்புவான்.

ஷீஜா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அண்ணன் வரல்லன்னா டிஜோ நிக்கட்டும்மா, அவனும் அண்ணன் முறதானே. பெட்டியக் கழட்டிப் பரண்ல போடு, பந்தல்ல அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளச்சலில் இருந்து கேட்டு அனுப்பியிருக்கிறார்கள், மோதிரம் யார் விரலுக்கு என்று. கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் தட்டான் பொறுக்கமாட்டான், நானும் கேட்கமாட்டேன்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நடக்காதே. ஜெபமாலையை விடாதே. ஆரோக்கிய மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். நூலில் விரலளவு எடுத்து அனுப்பலாமா என்று டிஜோவிடம் கேட்டாயாம். அனுப்பாதே. விரலோடு வா. வராவிட்டால் மோதிரம் டிஜோவுக்கு, அதன்பிறகு உன் தங்கை உன்னை அண்ணன் என்று சொல்வது அவள் இஷ்டம்.

உன் அம்மா,
கிளாரா ஏசுஅடிமை